தாத்தாவுக்கு எதற்குத் தடுப்பூசி?

அன்புள்ள நிலாவுக்கு,

தடுப்பூசி குழந்தைகளுக்குத்தானே, எழுபது வயதுத் தாத்தாவுக்கு டாக்டர் ஏன் நிமோனியா ஊசி எழுதிக் கொடுத்தார் என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் அமெரிக்க மருத்துவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது.

1940களில் பெனிசிலின் வந்ததும் நிமோனியாவின் கதை முடிந்தது என்றே எண்ணினார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிராக அப்போது விற்பனைக்கு வந்த தடுப்பூசி, கேட்பாரற்று நின்றுபோனது. நோய் வந்தால் மருந்து இருக்கிறதே!

புரூக்ளினில் கிங்ஸ் கவுன்ட்டி மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன் அதை நம்பவில்லை. நிமோனியாவோடு வந்தவர்களைத் தொடர்ந்து சோதித்தார். கிருமி எங்கும் போய்விடவில்லை. கோல்டு என்ற மருத்துவருடன் சேர்ந்து 1964இல் அவர் வெளியிட்ட கட்டுரை பலரை உலுக்கியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், முதல் ஐந்து நாளுக்குள் நேரும் மரணங்களைப் பெனிசிலினாலும் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. முதியவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும்தான் ஆபத்து அதிகம்.

அப்படியானால் நோயை வருமுன் தடுப்பதே வழி. 1970களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் புதிய தடுப்பூசி சோதிக்கப்பட்டது. நெருக்கியடித்து வாழ்ந்த அவர்களை நிமோனியா அடிக்கடி தாக்கியது. ஊசி நல்ல பலன் தந்தது. 1977இல் 14 வகைக் கிருமிகளுக்கான ஊசிக்கும், 1983இல் 23 வகைகளுக்கான ஊசிக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது.

அதென்ன வகை? இந்தக் கிருமி சர்க்கரைச் சங்கிலிகளாலான ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு, வெள்ளையணுக்களிடமிருந்து நழுவிவிடும். உறை மாறினால் வகை மாறும். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் தெரியவந்துள்ளன. ஊசி மருந்தில் இருப்பது உறைப்பொருள் மட்டுமே, உயிருள்ள கிருமி அல்ல. அதனால் ஊசியால் நிமோனியா வராது. கை வலியோ லேசான காய்ச்சலோ ஓரிரு நாள் இருக்கலாம். பிற்பாடு வந்த ஊசிகளில் உறைப்பொருளை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். உடம்பு அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது.

நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய சுமார் 85,000 பேரிடம் இந்தப் புது ரக ஊசி ஒன்றைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 45 சதவீதமும், ரத்தம் போன்ற இடங்களுக்குப் பரவும் கடும் நோய் 75 சதவீதமும் குறைந்தன. முழுக் காப்பு இல்லைதான். வைரஸால் வரும் நிமோனியாவை இது தடுக்காது. ஃப்ளூ ஊசி தனி.

இந்தியாவில் குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் ஊசியை அரசே இலவசமாகப் போடுகிறது. பெரியவர்கள் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த ஊசி, எத்தனை தவணை என்பதை டாக்டர் முடிவு செய்வார். தாத்தாவின் நீரிழிவு, மூச்சிரைப்பு, பழைய ஊசிகள் எல்லாவற்றையும் மறக்காமல் அவரிடம் சொல். போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் தாத்தாவின் மருத்துவக் கோப்பில் எழுதி வை.

அன்புடன்,
மாமா