குப்பையில் கிடந்தால் நமதாகுமா?

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நன்னெறிக் கல்விப் பாடத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். சிற்றுண்டிச்சாலையில் ஒரு பணப்பை கிடக்கிறது. நீ என்ன செய்வாய்? "தலைமையாசிரியரிடம் ஒப்படைப்பேன்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஆசிரியரும் மகிழ்ந்து அடுத்த பாடத்திற்குப் போய்விடுவார். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதைச் சட்டம் படிக்க வந்த பிறகும் நான் உணரவில்லை. உணர வைத்தவர் என் சித்தப்பா.

சித்தப்பா காஜாங்கில் பழைய இரும்பு, அட்டைப்பெட்டி, பழைய பத்திரிகைகளைச் சேர்த்து விற்பவர். சென்ற ஆண்டு ஒரு கடை வரிசையின் பின்சந்தில், குப்பைத் தொட்டியை ஒட்டிக் கிடந்த பழைய ஏர்கோன் பெட்டி ஒன்றை வேனில் ஏற்றினார். கடைக்காரர் ஓடி வந்தார். குத்தகையாளர் மாலையில் வந்து எடுப்பதற்காக வைத்ததாம். பேச்சு முற்றிக் காவல் நிலையம் வரை போனது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு கடைக்காரர் புகாரை மீட்டுக்கொண்டார். வழக்கு இல்லை. ஆனால் அன்றிரவு சித்தப்பா சாப்பிடவில்லை.

"ஏம்மா, நீ சட்டம்தானே படிக்கிறே? குப்பைத் தொட்டி ஓரத்துல கிடந்ததை எடுத்தா அது திருட்டா?"

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

மூன்று சொற்கள்

ஆங்கிலத்தில் படித்தபோது குழம்பியது, தமிழில் யோசித்தபோது தெளிந்தது. பொருளைத் தொலைப்பது வேறு, ஓரிடத்தில் வைத்து மறப்பது வேறு, கைவிடுவது வேறு. முதல் இரண்டிலும் உடைமையாளரின் உரிமை அப்படியே இருக்கிறது. பொருள்தான் கையில் இல்லை. மூன்றாவதில் மட்டுமே 'இது இனி எனக்கு வேண்டாம்' என்ற எண்ணம் இருக்கிறது. பொருள் அழுக்காக இருப்பதோ, உடைந்திருப்பதோ, தெருவில் கிடப்பதோ கைவிட்டதற்குச் சான்றாகாது. உடைமையாளரின் எண்ணமே சான்று.

தண்டனைச் சட்டம் சொல்வது

நம் நாட்டின் தண்டனைச் சட்டத் தொகுப்பு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. இங்கே பழைய பிரிவு எண்களே நீடிக்கின்றன.

பிரிவு 378 திருட்டை விளக்குகிறது. ஒருவரின் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவதே திருட்டு. யார் வசத்திலும் இல்லாமல் நெடுஞ்சாலையில் கிடக்கும் மோதிரத்தை எடுப்பது திருட்டல்ல என்று அச்சட்டமே உதாரணம் தருகிறது. அப்படியானால் எடுத்தவர் தப்பித்தாரா? இல்லை. அடுத்து பிரிவு 403 காத்திருக்கிறது.

கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது பற்றிய பிரிவு இது. உடைமையாளர் யாரென்று தெரிந்திருந்தாலோ, கண்டுபிடிக்க வழியிருந்தாலோ, நியாயமான முயற்சி செய்யாமலும் நியாயமான காலம் காத்திராமலும் அதைத் தனதாக்குவது குற்றம். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்தவர் உரியவரைத் தேடாமல் உடனே விற்றால் குற்றவாளி. எவருடையது என்று தெரியாத ஒரு நாணயத்தை எடுத்தவர் குற்றவாளி அல்லர். இவ்விரண்டும் அப்பிரிவில் உள்ள உதாரணங்களே. இக்குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்பதைப் படித்தபோது நான் திகைத்துப் போனேன். நம் நன்னெறி ஆசிரியர் இதைச் சொல்லியிருந்தால் வகுப்பு இன்னும் உரக்கப் பதில் சொல்லியிருக்கும்!

'வேண்டாமென்று போட்டுவிட்டார்கள் என நினைத்தேன்' என்று சொன்னால் ஏற்பார்களா? ஏற்கலாம். உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்லெண்ணத்தோடு செய்தவருக்குப் பிரிவு 79 பாதுகாப்புத் தருகிறது. ஆனால் உரிய கவனமின்றி நம்பியதை நல்லெண்ணம் எனக் கொள்ள முடியாது என்று பிரிவு 52 கூறுகிறது. இந்த இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. முன்பக்கம் போய்க் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதுவே உரிய கவனம்.

தொட்டிக்குள் போன பின்

சரி, தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டால்? 1957-இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எதிர் பிலிப்ஸ் என்ற வழக்கு நடந்தது. வீட்டுக் குப்பையிலிருந்து பொருள்களை எடுத்துக்கொண்ட துப்புரவுப் பணியாளர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. குப்பையில் போட்டதால் பொருள் கைவிடப்பட்டதாகாது. அள்ளும் வரை அது வீட்டுக்காரருடையது, அள்ளிய பின் நகராட்சியுடையது என்றது நீதிமன்றம். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் 1956 ஏப்ரல் 7 வரையிலான ஆங்கிலப் பொதுச் சட்டமே செல்லும். ஆகவே இத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டலாம்.

அண்மைக் கதை இன்னும் பெரிது. வேல்ஸின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் கணினி வன்தட்டு 2013-இல் தவறுதலாகக் குப்பைக் கிடங்குக்குப் போனது. அதில் ஏறக்குறைய 8,000 பிட்காயினுக்கான திறவுகோல் இருந்ததாக அவர் கூறினார். கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு நகர மன்றத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கிடங்கில் ஒப்படைக்கப்பட்டவை 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனக்கே சொந்தம் என்றது மன்றம். வழக்கு வெல்ல வாய்ப்பில்லை எனக் கூறி 2025 ஜனவரியில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார்.

கண்டெடுத்தவர் வென்ற வழக்கும் உண்டு. 1978-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் பயணிகள் ஓய்வறையில் பார்க்கர் என்பவர் ஒரு தங்கக் கைச்சங்கிலியைக் கண்டெடுத்தார். உரியவர் வராவிட்டால் தன்னிடமே தர வேண்டும் என்று பெயர், முகவரி எழுதிக் கொடுத்து விமான நிறுவனத்திடம் ஒப்படைத்தார். யாரும் வரவில்லை. நிறுவனமோ அதை 850 பவுண்டுக்கு விற்றுவிட்டது. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகை பார்க்கருக்கே என்றது. அவர் நேர்மையாக நடந்துகொண்டதும் கவனிக்கப்பட்டது.

நிலம் மட்டும் வேறு

அசையும் பொருளை உண்மையிலேயே கைவிட்டால், முதலில் எடுத்து வைத்துக்கொள்பவர் உரிமை கோரலாம். இதே எண்ணத்தில் நம்மவர் பலர் நிலத்திலும் ஏமாந்திருக்கிறார்கள். 'முப்பது வருசமா நாங்கதான் இருக்கிறோம், யாரும் கேட்டதில்லை' என்ற பேச்சைத் தோட்டப்புறங்களில் கேட்காதவர் யார்? தேசிய நிலச் சட்டத்தின் பிரிவு 48, எத்தனை காலம் குடியிருந்தாலும் அரசு நிலத்திற்கு உரிமை கிடைக்காது என்கிறது. பிரிவு 341 தனியார் நிலத்திற்கும் அதையே சொல்கிறது. பட்டாவில் யார் பெயரோ அவருக்கே நிலம். வீடானாலும் கோயிலானாலும், எழுத்தில் ஆவணம் பெறாத வரை நம் காலடி மண் நமதல்ல. இதை நாம் தாமதமாகத் தெரிந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் இழப்பு நமக்குத்தான்.

சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

இவ்வளவும் படித்துவிட்டு நான் அவருக்குச் சொன்னது மூன்றே செய்திதான். ஒன்று, எடுக்கும் முன் கேளுங்கள். இரண்டு, கொடுத்தவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பழைய பொருள் வாங்கும் வணிகர் உரிமம் பெற்றுப் பதிவேடு வைக்க வேண்டியவர் என்பதால், நாளை அவர் கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கும். மூன்று, பழைய அலமாரிக்குள் பணமோ நகையோ அடையாள அட்டையோ இருந்தால், அலமாரியைக் கொடுத்தவர் அதையும் கொடுத்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

"அப்போ அன்னிக்கு நான் செஞ்சது?" என்று கேட்டார்.

"திருடணும்னு நீங்க நினைக்கலை, சித்தப்பா. ஆனா கேட்டிருக்கணும்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இப்போது அவர் வேனில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தேதி, பொருள், கொடுத்தவர் கையெழுத்து என மூன்று கோடுகளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். சில கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கடை முத்திரையையும் குத்தித் தருகிறார்களாம்.