சின்ன பாகங்கள் சரிதானா? மாடல் விமான கிட்டை அளந்து பார்க்கும் முறை

கிட் பெட்டியைப் பிரித்ததும் ரிவெட்டும் சீட் பெல்ட்டும் கூர்மையாக வார்த்திருந்தால், ‘துல்லியமான கிட்’ என்று சொல்லிவிடுகிறோம். வார்ப்பு கூர்மையாக இருப்பதாலேயே அளவும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. இதை மருத் விமானத்தை வைத்துப் பார்ப்போம். கர்ட் டாங்க் வடிவமைத்து, பெங்களூர் எச்.ஏ.எல். உருவாக்கி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த எச்.எஃப்-24 அது. நிஜ மருத் ஒன்று சென்னை கோட்டூர்புரத்தில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் நிற்கிறது.

முதலில் முழு விமானத்தை அளந்து பாருங்கள். மருத்தின் இறக்கை நுனிக்கு நுனி 9 மீட்டர். 1/72 ஸ்கேலில் 125 மி.மீ. வர வேண்டும். உடம்பே குறுகியிருந்தால், சரியான அளவில் உள்ள சக்கரம்கூடப் பெரிதாகத் தெரியும். குற்றத்தைச் சக்கரத்தின் மேல் போடுவோம்.

அடுத்தது சக்கரம். டயரின் அளவு பெரும்பாலும் அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும் என்பதால் இதைச் சரிபார்ப்பது எளிது. வேறொரு விமானத்தை உதாரணமாக எடுப்போம்: மிக்-21 விமானத்தின் பிஸ் ரகத்தில் பிரதான டயர் 800 x 200 மி.மீ. எழுபத்திரண்டால் வகுத்தால் விட்டம் 11.1 மி.மீ., அகலம் 2.8 மி.மீ. வெர்னியர் காலிப்பரில் ஒரு நிமிட வேலை. காட்சிக்கு நிற்கும் விமானத்தில் டயர் காற்றிறங்கித் தட்டையாகியிருக்கலாம். அதனால் உயரத்தை அளக்காமல், அச்சின் மையத்தை ஒட்டிக் கிடைமட்டமாக அளந்து பாருங்கள்.

எண் கிடைக்காத பாகங்களுக்குப் புகைப்படம்தான் கதி. இங்கே அவசரம் கூடாது. கிட்டே நின்று எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்துவிடும். தள்ளி நின்று, ஜூம் செய்து, பாகத்துக்கு நேரெதிராக எடுங்கள். அனுமதி கிடைத்தால் பாகத்தை ஒட்டி ஓர் அடி ஸ்கேலைப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், அதே தளத்தில் அளவு தெரிந்த இன்னொன்றோடு விகிதம் போடுங்கள். துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலை மாதிரி மலையடிவார ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் நாள் அரிதாகத்தான் வாய்க்கும். எடுக்க வேண்டிய கோணங்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போவது நல்லது.

பலரும் சறுக்குவது ரகத்தில். மிக்-21 எஃப்.எல். ரகத்தில் மூக்கில் காற்றுவேகம் அளக்கும் பிட்டாட் குழாய் மேலே, நடுக்கோட்டில் இருக்கும். பிஸ் ரகத்தில் வலப்பக்கம் விலகியிருக்கும். எஃப்.எல்.லின் காக்பிட் மூடி முன்பக்கமாகத் திறக்கும், பிஸ்ஸில் பக்கவாட்டில். ஒரு கிட்டின் குழாய் மிக நேர்த்தியாக இருந்தும் தவறான விமானத்தினுடையதாக இருக்கலாம். ஆகவே, நீங்கள் செய்யப்போகும் விமானத்தின் வால் எண்ணையும் ஆண்டையும் முடிவு செய்த பிறகே பாகத்துக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். காட்சி விமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். காட்சிக்கு வைக்கும்போது கருவிகளைக் கழற்றுவார்கள், துளைகளை அடைப்பார்கள், பெயின்ட் மேல் பெயின்ட் அடிப்பார்கள். பணியில் இருந்த காலத்துப் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பிளாஸ்டிக்கின் எல்லையையும் மறக்கக் கூடாது. மருத்தின் மூக்கில் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். குழல் துளை 1/72-இல் வெறும் 0.4 மி.மீ. அதை அச்சில் வார்க்க முடியாமல் கிட்காரர் மழுப்பினால் அது பிழையல்ல; மெல்லிய ஊசிக்குழாய் வைத்து நாமே சரிசெய்யலாம். அவை இருக்கும் இடம் தவறினால்தான் பிழை.

என் கணக்கு இது: 0.2 மி.மீ. வித்தியாசம் நிஜத்தில் 14 மி.மீ. மட்டுமே, விட்டுவிடலாம். ஒரு மி.மீ. என்றால் 72 மி.மீ.; பாகத்தை மாற்றுங்கள். மூடிய காக்பிட்டுக்குள் கருவிப் பலகையைத் திருத்தப் பணம் செலவழிப்பதைவிட, எல்லாரும் பார்க்கும் சக்கரங்களுக்கும் அவற்றின் கதவுகளுக்கும் செலவழிக்கலாம்.

கோட்டூர்புரம் போனால் மருத்தின் சக்கரக்கூட்டையும் மூக்கையும் படமெடுத்து, தேதி குறித்து வையுங்கள். அடுத்து மருத் செய்பவர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.