கொல்லையில் ஓர் அறை, கையில் ஒரு தொழில்

20 லட்ச ரூபாய் வீட்டுக்கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். கடைசித் தவணை கட்டும் நாளில் கூட்டிப் பாருங்கள்: வங்கிக்குப் போனது 43 லட்சத்துக்கும் மேல். பிடிக்காத வேலையை விடமுடியாமல் நம்மில் பலரைக் கட்டிவைத்திருப்பது இந்தத் தவணைதான்.

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ வில்பட்டியிலோ பட்டா உள்ள வீடும் பின்னால் கொஞ்சம் கொல்லையும் இருக்க, திண்டுக்கல்லிலோ திருப்பூரிலோ வாடகை கொடுத்துக்கொண்டு வேலை பார்க்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளளவு 12க்கு 10 அடியில் ஒரு மண் அறை கட்டுங்கள். கடன் வேண்டாம். வேலையையும் இப்போதே விட வேண்டாம். அந்த அறையால் மிச்சமாகும் வாடகை ஒரு பங்கு என்றால், அதைக் கட்டி முடிக்கும்போது கைக்கு வந்திருக்கும் தொழில் பத்துப் பங்கு.

மலைக்கு மண்சுவர் புதிதில்லை. மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் போனால் பழைய மண் வீடுகளை இன்றும் பார்க்கலாம். கட்டத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். ஆகவே முதல் பள்ளிக்கூடம் உங்கள் ஊர்த் திண்ணை. பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, “தாத்தா, நம்ம ஊருல சுவருக்கு மண்ணு எங்க எடுத்தீங்க? எந்த மாசம் வேலை ஆரம்பிப்பீங்க?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. லாரி பேக்கர் இப்படி ஊராரிடமிருந்துதான் கற்றார். இங்கிலாந்தில் கட்டடக்கலை படித்தவர், இமயமலையின் பித்தோரகட் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் கையாண்ட விதத்தைப் பார்த்தே தன் பாணியை உருவாக்கிக்கொண்டார். பிறகு கேரளத்தில் குறைந்த செலவு வீடுகளுக்கு அவர் பெயரே அடையாளமானது.

அடுத்து முறையான பயிற்சி. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில், சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்தி எடுக்கும் சுடாத மண் கல்லைப் பற்றிக் கற்றுத்தருகிறார்கள். அந்தக் கல்லால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-ல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. சிமென்டே இல்லாமல் கையால் குழைத்துக் கட்டும் முறைக்குத் திருவண்ணாமலையில் பிஜு பாஸ்கர் நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன. என் சாய்வு இரண்டாவது பக்கம். முதல் அறைக்கு இயந்திரம் தேவைப்படக் கூடாது.

இனி மண். மேலே இருக்கும் கறுப்பு மண்ணைத் தொடாதீர்கள், அது பூண்டுக்கும் பீன்ஸுக்கும் உரியது. ஒன்றிரண்டு அடிக்குக் கீழே வரும் செம்மண்தான் சுவர் மண். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். களி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியிருந்தால் நல்லது. கூடினால் சுவர் வெடிக்கும், மணல் சேருங்கள். குறைந்தால் உதிரும், வேறு குழி தேடுங்கள். பிறகு உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சிதறவும் கூடாது, அப்பம்போல் தட்டையாகவும் கூடாது.

எவ்வளவு மண் வேண்டும்? ஒன்றேகால் அடி கனம், 8 அடி உயரம், கதவு ஜன்னல் போக, சுவர் மட்டும் சுமார் 450 கன அடி வரும். நாலரை யூனிட். தளர்ந்த மண்ணாகக் கணக்கிட்டால் ஆறு யூனிட் வரை போகும். எடையில் ஏறக்குறைய 20 டன். அவ்வளவையும் வைக்கோல் சேர்த்துக் காலால் மிதித்து, கையால் தூக்கி வைக்கவேண்டும். இது உடம்பைக் கேட்கும் வேலை, இதை மறைத்துவிட்டு உங்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் மண் ஒரு சலுகை தருகிறது. ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை அடிக்குமேல் ஏற்றினால் சொந்த எடையிலேயே பிதுங்கும். ஒரு படை வைத்துவிட்டு அது இறுகும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வாரம் ஒரு படை, ஒரு அடி. எட்டு ஞாயிறு, எட்டு அடி. ஒரு படைக்கு இரண்டரை டன்னுக்குச் சற்று மேல், மூன்று நான்கு பேர் இருந்தால் முடியும். பழைய படையின் தலையில் குழி குத்தித் தண்ணீர் தெளித்த பிறகே அடுத்ததை வையுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒட்டாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் தொடங்கினால், சித்திரை மழைக்கு முன் கூரை ஏறிவிடும். அதுவரை தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மழை பெய்கிற மலையில் மண் நிற்குமா என்று வீட்டில் கேட்பார்கள். மழைக்குப் பேர்போன இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் சில நூற்றாண்டு பழைய மண்சுவர் வீடுகளில் மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். உங்கள் அறைக்குத் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குக் கருங்கல் கட்டு, அதன்மேல்தான் மண். கூரைத் தாழ்வாரம் குறைந்தது இரண்டரை அடி வெளியே நீளட்டும். மேட்டுப் பக்கம் தண்ணீர் திரும்பிப்போக வாய்க்கால். சிமென்ட் பூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் அடியிலிருந்து கரையும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட வைக்கும்.

மண் சரிவை மட்டும் லேசாக எண்ணாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானல் மலையில் பல இடங்கள் சரிந்தன. சரிவின் அடியை வெட்டி இடம் உண்டாக்காதீர்கள், ஏற்கெனவே சமமாக இருக்கும் இடத்தில் கட்டுங்கள். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் உங்கள் கிராமம் வருகிறதா என்று ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கொல்லையில் நிற்கும் மரமானாலும் வெட்டுமுன் கேளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அனுமதியில்லாத விடுதிகளுக்குக் கொடைக்கானலில் சீல் வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அந்தப் பயம் வேண்டாம்.

சரி, வருமானம். பலரும் முதலில் நினைப்பது சுற்றுலாப் பயணிக்கு வாடகைக்கு விடுவதை. என் கருத்தில் அது கடைசி வழி. அதற்குத் தனி அனுமதிகள் வேண்டும், சீசன் நம் கையில் இல்லை. அறையை முதலில் உங்கள் வேலைக்கு வையுங்கள்: தையல், காபி வறுத்துப் பொட்டலம் போடுவது, வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை. அதில் மாதம் கிடைப்பதைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதச் செலவுக்கு அது வளர்ந்தபிறகுதான் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கவேண்டும்.

தொழிலுக்கு மூலதனம் ஒரு நோட்டு. எந்தக் குழி மண், எத்தனை கூடை மணல், எத்தனை ஆள், எந்தப் படை எத்தனை நாளில் இறுகியது, எங்கே வெடித்தது, எப்படிச் சரிசெய்தீர்கள்: தேதியோடு எழுதி, படமும் எடுங்கள். நாளைக்கு வாடிக்கையாளர் முன் நீட்டப்போவது இதைத்தான். முழு வீடு கட்டும் வேலையை உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய மண்சுவர் பழுது, சுண்ணாம்புப் பூச்சு, அடுப்பு, திண்ணை என்று நாள் கூலிக்குத் தொடங்குங்கள். தொகை பேசி வாங்கும் ஒப்பந்தம் மூன்றாவது வேலையிலிருந்து போதும்.

ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். மண் வீடு என்றாலே வறுமை என்று ஊர் நினைக்கிறது. அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு தரத்தான் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது. ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த வீடு எத்தனை பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும், அவர்களிடம் மண்ணின் பெருமை பேசாதீர்கள். வங்கியும் மண்சுவரை அடமானமாக ஏற்கத் தயங்கலாம். கேட்பவரிடம் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் மழைக்காலம் முழுதாகக் கடக்கும்வரை அடுத்தவர் வீட்டுக்கு விலை சொல்ல வேண்டாம். கார்த்திகை மழை கொட்டும் இரவில் டார்ச்சோடு அறையைச் சுற்றி வாருங்கள். தாழ்வாரத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரின் எந்த மூலை நனைகிறது என்று பார்த்து நோட்டில் குறியுங்கள். தை பிறந்ததும் அந்த மூலையை விரலால் அழுத்துங்கள். விரல் பதியவில்லை என்றால், அடுத்த தெருவில் திண்ணை கேட்ட அக்காவிடம் போய்க் கூலி பேசலாம்.