வகுப்பில் ஒரே பிறந்தநாள்: தற்செயலா, கணக்கா?

ஷா ஆலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. படிவம் நான்கு வகுப்பில் 35 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். “உங்களில் குறைந்தது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும்” என்கிறார் கணித ஆசிரியர். ஆண்டுக்கு 365 நாள், வகுப்பில் 35 பேர். ஆகவே, பத்தில் ஒரு வாய்ப்புதான் என்று நமக்குத் தோன்றும். ஆனால், ஆசிரியர் சொன்னது பலிக்க 81 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

எப்படி?

சோடிகளை எண்ணுங்கள்

நாம் ஆட்களை எண்ணினோம். எண்ண வேண்டியது சோடிகளை. 35 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற 34 பேருடன் ஒப்பிடலாம். 35 × 34 ÷ 2 = 595 சோடிகள். இத்தனை சோடிகளில் ஒன்றுகூடப் பொருந்தாமல் போவதுதான் அரிது.

கணக்கிடும் முறை

பள்ளியில் ‘கெபாராங்காலியான்’ என்று படிக்கும் நிகழ்தகவுப் பாடமே இதற்குப் போதும். முதலில், எல்லாருடைய பிறந்தநாளும் வெவ்வேறாக இருக்கும் வாய்ப்பைக் காண்போம். பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுவோம். எல்லா நாளிலும் பிறப்பு சமம் என்று கொள்வோம்.

முதல் மாணவர் எந்த நாளிலும் பிறந்திருக்கலாம். இரண்டாமவர் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும்: 364/365. மூன்றாமவர் இரண்டு நாள்களைத் தவிர்க்க வேண்டும்: 363/365. இப்படியே தொடர்ந்து பெருக்கி, விடையை 1-லிருந்து கழித்தால், குறைந்தது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

10 பேர் – 11.7%
23 பேர் – 50.7%
30 பேர் – 70.6%
35 பேர் – 81.4%
50 பேர் – 97.0%

23 பேரிலேயே பாதியைத் தாண்டிவிட்டது! 2014 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் 32 அணிகள். ஒவ்வொன்றிலும் 23 ஆட்டக்காரர்கள். ஒரே பிறந்தநாள் கொண்டவர்கள் 16 அணிகளில் இருந்தார்கள். அதாவது, சரிபாதி.

எங்கே குழம்புகிறோம்?

“என் பிறந்தநாளில் வேறு யாராவது பிறந்திருக்கிறார்களா?” என்பது வேறு கேள்வி. இதில் உங்களோடு சேரும் சோடிகள் 34 மட்டுமே. வாய்ப்பும் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். பாதி வாய்ப்பு வேண்டுமானால் மற்றவர்கள் 253 பேர் தேவை. ‘யாராவது இருவர்’, ‘நானும் இன்னொருவரும்’ என்ற இரண்டையும் கலந்துவிடுவதால்தான் விடை நம்மை வியக்க வைக்கிறது.

இதனால் என்ன பயன்?

பள்ளி விழாவுக்கு 120 பேர் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொருவரையும் கைத்தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களால் அடையாளம் காணலாம் என்று ஏற்பாட்டுக்குழு முடிவு செய்கிறது. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் இருக்கின்றனவே என்று நினைக்கலாம். ஆனால், 119 பேர் சேர்ந்தாலே இருவருக்கு அந்த நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். ஒருவருடைய பரிசு மற்றவர் கைக்குப் போகலாம்!

நமது மைகார்டு எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. 100831 என்றால் 2010 ஆகஸ்டு 31. ஒரே வகுப்பில் பெரும்பாலோர் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஆகவே, இருவருக்கு இந்த ஆறு இலக்கங்களும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த இடத்தைக் குறிக்கும், சிலாங்கூருக்கு 10. அதுவும் ஒன்றாக இருந்தால், கடைசி நான்கு இலக்கங்களே இருவரையும் பிரித்துக் காட்டும். பிறந்த தேதியை மட்டும் வைத்து ஆளை உறுதிசெய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

செய்து பாருங்கள்

ஐந்து நண்பர்களில் குறைந்தது இருவர் ஒரே மாதத்தில் பிறந்திருக்கும் வாய்ப்பு என்ன? பன்னிரண்டு மாதங்களும் சம வாய்ப்புள்ளவை என்று கொள்ளுங்கள். முதலில் ஊகித்து எழுதுங்கள், பிறகு கணக்கிடுங்கள்.

(விடை: ஏறத்தாழ 62 விழுக்காடு)