கேஸ்கட் போயிற்றா, எஞ்சின் போயிற்றா?

சாத்தான்குளம் வட்டாரத்தில் முருங்கையும் பனையும் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர், சென்ற கோடையில் ஒரு கடன் மனுவுடன் என்னிடம் வந்தார். அவரிடம் பழைய அம்பாஸடர் கார் ஒன்று உண்டு. முருங்கைக்காய்க் கட்டுகளும் கருப்பட்டிப் பெட்டிகளும் அதில்தான் சந்தைக்குப் போகும். நாசரேத் சாலையில் ஒருநாள் உஷ்ணமானியின் முள் உச்சிக்கு ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பியிருக்கிறது. அருகிலிருந்த கிணற்றில் தண்ணீர் வாங்கி ஊற்றி வீடு வந்து சேர்ந்தார். அதன்பின் கார் திக்கித் திக்கி ஓடியது. மைலுக்கு மைல் தண்ணீர் குடித்தது. பட்டறை ஒன்றில் காட்டினார். அவர்கள் மூடியைக்கூடத் திறவாமல், "எஞ்சினே போயிற்று, முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டும், இல்லையேல் காயலான் கடைதான்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்குத்தான் மனு.

"அண்ணாச்சி, கையெழுத்துப் போடுவதற்கு முன் காரை ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்றேன். கடன் வாங்குகிறவர் அதை மூன்று வருஷம் அடைக்க வேண்டும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துக்குப் பணம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. நான் மெக்கானிக் அல்லன். கல்லூரியில் பௌதிகம் படித்தவன். என் தகப்பனாரின் அம்பாஸடரோடு விடுமுறை நாட்களைக் கழித்தவன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

இந்தக் கார் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் இறுதியில் தொடங்கி, 2014-ம் ஆண்டு வரையில் இதைச் செய்து வந்தார்கள். நெடுங்காலம் அதில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் அடிப்பாகமாகிய பிளாக்கும், மேல்மூடியாகிய ஹெட்டும் வார்ப்பிரும்பு. இவ்விரண்டுக்கும் நடுவே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடுதான் கேஸ்கட்.

அந்தத் தகட்டின் வேலை லேசானதன்று. நான்கு சிலிண்டர்களிலும் எரியும் வாயுவையும், அவற்றைச் சுற்றி ஓடும் தண்ணீரையும், மேலே ராக்கருக்கு ஏறும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலவாமல் அது பிரித்து வைக்க வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் 1500 வெடிப்புகள். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையில் தகட்டின் அகலம் விரற்கடைக்கும் குறைவு. ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறி வளைந்தால், அந்த ஒடுங்கிய இடத்தில் பிடி தளரும். வாயு அங்கே புகுந்து தகட்டை அரிக்கும்.

எந்த இடத்தில் அரித்ததோ அதற்கேற்ப அடையாளம் மாறும். வாயு தண்ணீருக்குள் போனால் ரேடியேட்டரில் குமிழி வரும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் புகைக்குழாயில் வெள்ளாவி வரும். அந்தச் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்தாற்போல் இருக்கும். தண்ணீர் எண்ணெயில் கலந்தால், எண்ணெய்க் குச்சியில் பால்விட்ட காப்பி நிறம் தெரியும். இந்தக் கடைசி அடையாளம் கண்டால் அந்தக் கணமே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஆனால் மார்கழிக் காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளாவியைக் கண்டு பயப்பட வேண்டுவதில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் படியும் வெண்பசையும், குறுந்தூரம் ஓடும் வண்டிகளில் சாதாரணமாகக் காணப்படுவதே. வெறும் சூடேற்றத்துக்கு விசிறிப் பட்டையின் தளர்ச்சி, தெர்மோஸ்டாட்டின் பழுது, ரேடியேட்டர் அடைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆகையால் ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

மறுநாள் காலை, எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கையில் சோதனையைத் தொடங்கினோம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருக்காலும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். எண்ணெய்க் குச்சி சுத்தமாக இருந்தது. அது முதல் ஆறுதல். பின்னர் விசிறிப் பட்டையைக் கழற்றிவிட்டோம். அதனால் பம்பு சுற்றாது. தண்ணீர் அசையாமல் நிற்கும். ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, ஒரு நிமிஷத்துக்கு மேற்படாமல் எஞ்சினை ஓட்டினோம். குமிழிகள் வரிசையாக எழும்பின. தண்ணீர் கொதிக்க அந்த நேரம் போதாது. எனவே அது எரிவாயுதான்.

அடுத்தது அழுத்தச் சோதனை. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, அழுத்தமானியை ஒவ்வொரு துளையிலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். 1-லும் 4-லும் ஏறக்குறைய 120 பவுண்டு வந்தது. 2-லும் 3-லும் 60-ஐத் தாண்டவில்லை. பட்டறைக்காரரின் தீர்ப்பைச் சோதிக்க வேண்டிய கட்டம் இதுவே. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், தேய்ந்த ரிங்கானால் எண்ணெய் இடுக்கை அடைத்து அழுத்தம் நன்றாக ஏறும். கேஸ்கட்டோ வால்வோ பழுதானால் ஏறாது. எங்களுக்கு ஏறவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒரே அளவாக அழுத்தம் குன்றியிருந்ததும், ரேடியேட்டரில் குமிழி வந்ததும் சேர்ந்து, 2-க்கும் 3-க்கும் இடையே கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று காட்டின. இந்த எஞ்சினில் 2, 3 ஆகிய இரண்டுக்கும் புகைவழி ஒன்றே. ஹெட்டின் நடுப்பகுதி அதனால் கடுமையாகச் சூடேறும்.

ஹெட்டைக் கழற்றும் வேலையை உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த முதிய மெக்கானிக் ஒருவர் செய்தார். பாட்டரி இணைப்பை நீக்கி, தண்ணீர் முழுவதையும் முதலில் வடித்தார். ராக்கர் தாங்கிகளின் நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகவே ராக்கரை மட்டும் முதலில் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும். எல்லா நட்டுகளையும் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். புஷ் ராடுகள் எட்டையும், அட்டையில் துளையிட்டு வரிசை மாறாமல் செருகி வைத்தார். ஹெட் ஒட்டிக்கொண்டபோது நான் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன். "ஐயா, மேசையைக் கீறாதீர்கள்" என்று தடுத்து, மரச் சுத்தியால் பக்கத்தில் தட்டினார், எழும்பி வந்தது. பட்டம் பெற்றவனுக்கு அது ஒரு பாடம்.

எதிர்பார்த்த இடத்தில் கேஸ்கட் கருகி, பிளவு கண்டிருந்தது. பழைய கேஸ்கட்டுகளில் செப்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் இருக்கும்; அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது. உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுக்க வேண்டும். நேரான இரும்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் நிறுத்திப் பில்லர் கேஜ் நுழைத்துப் பார்த்ததில், நடுவில் 0.15 மில்லிமீட்டர்த் தகடு எளிதாகப் போயிற்று. எனவே ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் சீவி வாங்கினோம். பிளாக்கின் முகம் நேராக இருந்தது. சிலிண்டர்ச் சுவர்களும் பெருந்தேய்வின்றி இருந்தன.

இங்கேயே புதுக் கேஸ்கட்டை வைத்து மூடியிருந்தால், ஆறு மாதத்தில் மீண்டும் எரிந்திருக்கும். ஹெட்டின் நீர்வழிகளில் சுண்ணாம்பு போன்ற வெண்படிவம் கெட்டியாக ஒட்டியிருந்தது. ரேடியேட்டர்க் குழல்களில் பாதிக்குமேல் அடைப்பு. தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஊர்களைப் போலன்றி, கடலோரத்திலும் தேரிப் பக்கத்திலும் பல கிணறுகள் உவர்ப்பானவை. கடினநீர் சூடேறினால் அடுக்களைப் பாத்திரத்தில் பொருக்குக் கட்டுவது நம் பெண்களுக்குத் தெரியும். அதே பொருக்கு எஞ்சினுக்குள் கட்டி வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. உப்போ இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. நம் அங்கத்தினர் பல வருஷங்களாகத் தோட்டக் கிணற்று நீரையே ஊற்றி வந்திருக்கிறார். கேஸ்கட்டைக் கொன்றது அந்தத் தண்ணீர்.

பூட்டுவதில் அவசரம் கூடாது. ஸ்டட் மரைகளைத் துடைத்து, இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையின்றிச் சுத்தம் செய்து, கேஸ்கட்டில் மேற்புறம், முன்புறம் என்று பொறித்திருப்பதைப் பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் நீர்வழி அடைபடும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ரெஞ்சினால் கம்பெனிப் புத்தகத்தில் கண்ட அளவுக்கு இறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பக் கூடாது. பின்பு வால்வு இடைவெளி. இதற்கு அந்த மெக்கானிக் சொன்ன வழி அழகானது: எந்த வால்வு முழுதும் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழி, வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய். முதல் வால்வு திறந்திருக்கையில் எட்டாவது, மூன்றாவது திறந்திருக்கையில் ஆறாவது. எண்ணெயையும் பில்டரையும் புதிதாக மாற்றினோம். பிற்காலத்து அம்பாஸடர்களில் வந்த இசுசு பெட்ரோல் எஞ்சினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதன் இறுக்கும் முறையும் அளவும் வேறு.

ரேடியேட்டரில் இப்போது வடிநீரும் கூலன்ட்டும் ஊற்றுகிறார். கூலன்ட் இனிப்பாக இருக்கும் விஷமாதலால், குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கிணற்று மேட்டில் தண்ணீரால் குளிரும் ஆயில் எஞ்சின் வைத்திருப்போரும் நீர்வழிப் பொருக்கை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ஆனால் டீசல் எஞ்சினில் கேஸ்கட்டின் கனம் மாறினால் பிஸ்டன் தலை இடிக்கக்கூடும்; அதே கனமுள்ளதையே வாங்க வேண்டும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின், குளிர்ந்த எஞ்சினில் நட்டுகளை மறுபடி சோதித்து, வால்வு இடைவெளியையும் பார்த்தோம். அண்ணாச்சி பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ரேடியேட்டருக்குப் புது உட்பாகம் போட மட்டும் வேறு மனுக் கொடுத்தார். கேட்ட தொகை முன்னதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதில் கையெழுத்திட்டேன்.