தனிக் கணினியும் வலையமைப்பும்

கணினி இயங்கும் முறை இரண்டு. தனித்து நிற்பது ஒன்று. பிறவற்றோடு இணைந்து நிற்பது மற்றொன்று.

தோட்ட அலுவலகத்துத் தனிக் கணினி கொழுந்தின் நிறையையும் செக்ரோலையும் தன்னகத்தே காத்துக் கணக்கிடும். அக்கணக்கு வேறிடஞ் சேர வேண்டின், ஒருவர் சுமந்து செல்லல் வேண்டும். வலையமைப்பிலுள்ள கணினிகளோ, பொது நெறிமுறையொன்றைக் கைக்கொண்டு, செய்தியைச் சிறு பொதிகளாய்ப் பகுத்துத் தமக்குள் அனுப்பிக்கொள்கின்றன.

எம் மலைநாட்டுத் தேயிலையே இதற்குச் சான்று. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் மண்டபத்தில் நேர்முகமாய் நடந்து வந்தது. 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், அது வலையமைப்புக்கு மாறியது. வாங்குவோர் தத்தம் இடத்திலிருந்தே ஒரே வேளையில் விலை கேட்டனர். தனிக் கணினியால் இஃது இயலுமோ?

எனினும், மண்சரிவால் தொடர்பு அறுந்தால் வலையமைப்பு வழிப்பட்ட பணி நின்றுவிடும். தனிக் கணினியோ மின்சாரம் உள்ளவரை உழைக்கும். நச்சுநிரலும் இணைப்பின் வழியே விரைந்து பரவும். ஆதலின் முதன்மையான ஏடுகளுக்குத் தனிப்படியொன்று காத்தல் அறிவுடைமை என நாம் மாணவர்க்கு உரைக்கின்றோம்.

அதே 2020இல் பள்ளிகள் மூடியபோது, இணைப்பு எட்டாத லயன்களுக்குப் பாடமும் எட்டவில்லை. பழைய மாணவர்காள்! பள்ளிக்குக் கணினி வழங்குங்கால் இணைப்பையும் உடன் எண்ணுவீராக.