கணினியும் அதனைக் கையாள்வோரும்

மக்கள் தம் வாழ்க்கை இனிது நடைபெறுதற்பொருட்டு அமைத்துக்கொண்ட கருவிகள் பலவாம். அவற்றுள் ஏரும் தறியும் போல்வன உடலின் உழைப்புக்குத் துணையாவன. எழுதுகோலும் அச்சுப்பொறியும் போல்வன அறிவின் உழைப்புக்குத் துணையாவன. கணினியோ எண்ணுதல், எழுதுதல், சேமித்தல், செய்தி விடுத்தல் ஆகிய பல தொழில்களையும் தான் ஒன்றாகவே நின்று ஆற்றுவது. ஏரின் இயல்பை உழவன் அறிவான். தறியின் இயல்பை நெய்வோன் அறிவான். கணினியை நாடோறும் கையாள்வோருள் அதன் இயல்பை அறிந்தாரோ சிலரே. இவ்வறியாமையால் உழைப்பையும், பொருளையும், சிற்சில வேளைகளில் மானத்தையுமே இழப்பார் பலர். ஆதலின் கணினியின் அடிப்படைகளுள் எல்லாரும் அறியவேண்டுவன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

'கம்ப்யூட்டர்' என்னும் ஆங்கிலச் சொல் முற்காலத்தே ஒரு பொறியைக் குறித்ததன்று. கணக்கிடுதலைத் தொழிலாகக் கொண்ட ஆளையே குறித்தது. வானநூலார்க்கும் மாலுமிகளுக்கும் வேண்டிய அட்டவணைகளை அத்தகையோர் கையாற் கணித்து வந்தனர். அவ்வட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளைக் கண்டு, அவ்வேலையைப் பொறியிடம் ஒப்புவிக்க எண்ணியவர் இங்கிலாந்து தேசத்தவராகிய சார்லஸ் பாபேஜ் (1791–1871) என்பார். அவர் 1830-களில் வகுத்த பெரும்பொறி அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. ஆயினும், எண்களை வைக்கும் இடம் வேறு, அவற்றைக் கணக்கிடும் இடம் வேறு என அவர் பிரித்த முறை இன்றைய கணினியிலும் நிலைபெற்றுள்ளது. அப்பொறியைப் பற்றி 1843-ஆம் ஆண்டில் விரிவான குறிப்புகள் வரைந்த ஏடா லவ்லேஸ் அம்மையார், அது தானாக ஒன்றையும் தோற்றுவியாதென்றும், நாம் ஆணையிட அறிந்தவற்றையே அது செய்யுமென்றும் விளக்கினார்.

பின்னர் 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் வெளிப்படுத்தப்பெற்ற 'எனியாக்' என்னும் கணினி சுமார் 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டு, ஏறக்குறைய 30 டன் எடையுடையதாய், ஒரு பெரிய அறையையே நிறைத்து நின்றது. 1948 ஜூன் 21-ஆம் நாள் மாஞ்செஸ்டர் நகரில், கட்டளைகளைத் தன் நினைவகத்திலேயே கொண்டு இயங்கிய கணினி முதன்முதலாக வேலை செய்தது. 1971-இல் கணினியின் மூளை எனத்தக்க பகுதி முழுவதும் ஒரே சில்லில் அடங்கி விற்பனைக்கு வந்தது. இன்றோ அது நம் சட்டைப்பையிற் கிடக்கிறது. கைப்பேசியும் ஒரு கணினியே என்பதை மறத்தலாகாது.

நிற்க. கணினியின் உறுப்புகளை ஓர் உவமையால் விளக்குவாம். கடையொன்றில் ஒரு கணக்கப்பிள்ளை அமர்ந்திருக்கிறார் என்க. அவர் முன்னே ஒரு கரும்பலகை. பின்னே பேரேடுகள் அடுக்கிய அலமாரி. வேண்டும் ஏட்டை எடுத்து, அதிலுள்ளதைப் பலகையில் எழுதி, அங்கே கூட்டியும் கழித்தும், முடிந்ததை ஏட்டிற் பதிந்துவைப்பார். கணக்கப்பிள்ளை செயலகம், கரும்பலகை நினைவகம், அலமாரி சேமிப்பகம். விசைப்பலகையும் சுட்டியும் வாடிக்கையாளர் கேள்வி கேட்கும் வழி. திரையும் அச்சுப்பொறியும் விடை வரும் வழி. அவர் பின்பற்றும் முறைகளின் தொகுதியே மென்பொருள் எனப்படும்.

இவ்வுவமையிற் கருத்தூன்ற வேண்டுவது ஒன்றுண்டு. மின்சாரம் அற்றவுடன் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும். அலமாரியில் உள்ளனவே எஞ்சும். இரவெல்லாம் விழித்துத் தட்டச்சிட்ட கட்டுரை திரையில் தெரிவதனாலேயே அது பத்திரமாயிற்று என்று நம்பி ஏமாந்த மாணவர் எத்துணையர்! சில மென்பொருள்கள் தாமே இடையிடையே சேமித்துக்கொள்ளும். எல்லாம் அவ்வாறு செய்வன அல்ல. மற்று, அலமாரியும் என்றும் அழியாததன்று. வட்டு பழுதுறலாம், கைப்பேசி களவுபோகலாம். நம் முன்னோரின் நூல்கள் செல்லுக்கும் ஈரத்திற்கும் தப்பி நம்மிடம் வந்தமைக்குக் காரணம் ஓலையின் வன்மையன்று. ஏடு சிதையுமுன் அதனைப் பெயர்த்தெழுதிவைத்தோரின் விழிப்பேயாம். கணினியிலும் அதுவே முறை. அருமையான கோப்பு எதற்கும் வேறோர் இடத்தில் மற்றொரு படி இருத்தல் வேண்டும்.

இனி, கணினி எழுத்தை எவ்வாறு அறிகின்றது என்பதைக் காண்பாம். உண்மையில் அஃது எழுத்தை அறிவதே இல்லை. அதன் உள்ளே உள்ளவை, உயர்ந்த மின்னழுத்தம், தாழ்ந்த மின்னழுத்தம் என்னும் இரண்டு நிலைகளே. அவற்றை 1 எனவும் 0 எனவும் வழங்குவர். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் குறித்து, அவ்வெண்ணை இவ்விரண்டு குறிகளால் எழுதுகின்றனர். உலக மொழிகளுக்குப் பொதுவாக 1991 முதல் வெளிவரும் யூனிகோடு முறையில் 'அ' என்பதன் எண் 2949. இரண்டன் அடியில் அது 101110000101 ஆகும். 'கி' என்பதற்குத் தனியெண் இல்லை. ககரத்தின் எண் 2965-உம், இகரக் குறியின் எண் 3007-உம் அடுத்தடுத்து நின்று அதனைத் தருகின்றன. இம்முறை பரவுமுன் எழுத்துரு செய்தோர் தத்தமக்கு வேண்டியவாறு எண்களை அமைத்துக்கொண்டனர். அதனால் ஓரிடத்தில் தமிழாய்த் தோன்றிய கடிதம் மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. கணினி பிழைசெய்ததன்று, எண் அதேதான், அதற்குப் பொருள் கூறும் உடன்பாடே வேறு. ஆகலின், பல்லாண்டு நிற்கவேண்டிய தமிழ்க் கோப்புகளை யூனிகோடு முறையில் வைத்தலே தக்கது.

பொருளறியாத பொறி என்பது தெளிந்தால், அதன் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெளியும். தவறான எண்களை உள்ளிட்டால் சரியான விடை வருமோ என்று பாராளுமன்றத்தார் தம்மை வினவியதுண்டு என்றும், அத்தகைய கேள்வியைப் பிறப்பிக்கும் எண்ணக் குழப்பம் தமக்குப் பிடிபடவில்லை என்றும் பாபேஜ் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். அக்குழப்பம் இன்றும் நீங்கியபாடில்லை. 'கணினியில் அப்படித்தான் வந்துள்ளது' என்று கூறி அலுவலர் கைவிரித்தலும், அதனைக் கேட்டு ஏழை வாய்மூடித் திரும்புதலும் நாம் காண்பனவே. பதிந்தவர் பெயரைப் பிழைபடப் பதிந்திருந்தால் கணினி அப்பிழையையே ஆயிரமுறை அயராது காட்டும். மனிதர்போல் உரையாடும் மென்பொருள்கள் இந்நாளிற் பெருகியுள்ளன. அவையும் எண்களைக் கணித்து, அடுத்து வரத்தக்க சொல்லைத் தேர்வனவே. நடை செம்மையாயிருத்தல் பொருள் மெய்யாதற்குச் சான்றாகாது. மெய்ப்பொருள் காண்பது நம் கடனேயன்றிப் பொறியின் கடனன்று.

இறுதியாக, கணினி ஆளை அறியாது, கடவுச்சொல்லையே அறியும். சாவி எவர் கையில் உள்ளதோ அவரையே அஃது உரியவராகக் கொள்ளும். வங்கியினின்று பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண்ணைக் கேட்போரிடம் அதனைக் கூறிவிட்டு, முதியோர் தம் வாழ்நாள் ஈட்டத்தை இழப்பது இவ்வொரு செய்தியை அறியாமையாலேயாம். அவர்கள் அறிவிலர் அல்லர். அவர்க்கு எடுத்துரைப்பார் இலர்.

மாணவ நண்பர்காள்! ஓய்வூதியம் பெறும் பெரியவரும், காய்கறி விற்கும் அம்மையும் இன்று கணினியைக் கையாள்வோரே. விரைவாய்த் தட்டச்சிடுதல் மாத்திரம் கணினிக் கல்வியாகாது. சேமித்தல், படியெடுத்தல், சரிபார்த்தல், சாவி காத்தல் என்னும் இந்நான்கையும் தாம் கைக்கொண்டு, வரும் விடுமுறையில் தம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் பொறுமையுடன் கற்பிப்பாராயின், நாம் கல்லூரியிற் பெற்ற கல்வி பயனுடைத்தாயிற்று என்று துணிந்து கூறலாம்.